கடினமும் கதையும்: சில குறிப்புகள்

போலந்து நாட்டின் ஸிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘தி விட்ச்சர் 3’ என்ற கணினி விளையாட்டு, தொடங்குமுன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கிறது. எவ்வளவு கடினம் வேண்டும்? தேர்ந்துகொள்ள நான்கு விடைகள். கடைசியானதன் பெயர் ‘டெத் மார்ச்’, அதாவது சாவுப் பயணம். முதலாவதன் பெயர் ‘ஜஸ்ட் த ஸ்டோரி’, அதாவது கதை மட்டும். இந்த முதல் பெயரில் ஒரு இலக்கியக் கொள்கை ஒளிந்திருக்கிறது. கதை தனியாக உள்ளே இருக்கிறது, கடினம் அதன்மேல் மூடிய ஓடு, ஓட்டை உடைத்துப் பருப்பை மட்டும் எடுத்துத் தருகிறோம் என்கிறது அது. உருவத்தைக் கழித்துவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களோடு கவிதை விஷயத்தில் நாம் சண்டை போட்டு ஓய்ந்திருக்கிறோம். அதே கொள்கை இப்போது தேர்வுப் பட்டியலின் முதல் வரியாக வந்து நிற்கிறது. அது பொய் என்பதே என் கட்சி. ஆனால் எல்லாக் கடினமும் கதையோடு பிணைந்தது என்று சொன்னால் அதுவும் பொய்தான். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பக்கங்களில் இதற்கு என்ன இடம் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு தலைமுறையின் கற்பனை நேரம் பெருமளவு இவற்றில் கழிகிறது என்பது எனக்குக் காரணமல்ல. அந்தக் காரணத்தைச் சொல்லித்தான் சினிமாவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம், ரசனை ஒன்றும் உயர்ந்துவிடவில்லை. எனக்குக் காரணம் வேறு. 1959இல் ‘எழுத்து’ வந்த நாளிலிருந்து ‘புரியவில்லை’ என்ற ஒரே குற்றச்சாட்டுக்குத்தான் புதுக்கவிதைக்காரர்கள் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி வந்திருக்கிறார்கள். கவிதையில் கடினத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, மிச்சமிருப்பது அதே கவிதைதானா என்று பார்க்க வழியில்லை. கழற்றினால் கிடைப்பது உரைநடைச் சுருக்கம், வேறு சொற்கள். பாத்திரமேற்று ஆடும் இந்த மாயாஜால விளையாட்டுகளிலோ கடினம் ஒரு எண்ணாக மாற்றப்பட்டு ஆடுபவன் கையிலேயே கொடுக்கப்பட்டிருக்கிறது. அதே சொற்கள், அதே மனிதர்கள், அதே நிலம், கடினம் மட்டும் வேறு. நாம் ஊகித்துப் பேச வேண்டியிருந்ததை இங்கே சோதித்துப் பார்த்துவிடலாம்.

சோதனைக்கு ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறேன். ‘விட்ச்சர் 3’இன் ஆரம்பத்தில் வைட் ஆர்ச்சர்ட் என்ற வட்டாரத்தில் ஒரு கிணற்றின் கதை வருகிறது. கிணற்றைச் சுற்றியிருந்த குடியிருப்பு பாழடைந்து கிடக்கிறது. உச்சிப்பொழுதில் ஒரு பெண்பேய் அங்கே உலவுகிறது. நோயில் கிடக்கும் மகளுக்கு அந்தக் கிணற்றின் நல்ல தண்ணீர் வேண்டும் என்று ஒருவன் கூலி பேசுகிறான். கெரால்ட் என்ற கூலி வேட்டைக்காரனாக நாம் போகிறோம். ஒரு பழைய குறிப்பேடு கிடைக்கிறது. கிணற்றுக்குள் ஒரு பெண்ணின் மிச்சங்கள் தொங்குகின்றன. கீழே நீரில் அவளுடைய கைவளை. உடலையும் வளையையும் சேர்த்து எரித்தால்தான் அவளை இந்த இடத்திலிருந்து விடுவிக்க முடியும், எரித்ததும் அவள் சண்டைக்கு வருவாள். விளையாட்டுக்குள்ளேயே ஒரு பூத அகராதி இருக்கிறது, அதில் இவளைப் போன்றவர்களுக்கு ஒரு பக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முன் அகாலமாக இறந்த பெண்கள் இப்படி ஆகிறார்கள், தரையில் இர்டன் என்ற மந்திர வட்டத்தை இட்டால் அதற்குள் இவர்களுடைய புகையுடல் திடப்படும், வாளில் ஆவிகளுக்கான எண்ணெய் பூசுவது நல்லது என்று அந்தப் பக்கம் சொல்கிறது.

‘கதை மட்டும்’ நிலையில் அந்தப் பக்கத்தைத் திறக்கவே வேண்டாம். வட்டமும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். வாளை வீசிக்கொண்டேயிருந்தால் அவள் ஒழிந்துபோவாள். காயம் பட்டிருந்தால் ஓரிடத்தில் உட்கார்ந்து தியானம் செய்ய, உடம்பு சரியாகிவிடும். சாவுப் பயணத்தில் தியானம் காயத்தை ஆற்றுவதில்லை, பொழுது மட்டும்தான் போகும். எதையாவது தின்றுதான் உயிரைப் பிடித்துவைக்க வேண்டும், அல்லது ஸ்வாலோ என்ற மருந்தைக் காய்ச்சுவதற்கு செடியும் சாராயமும் நீர்ப்பேய்களின் மூளையும் தேடி அலைய வேண்டும். வட்டம் இடாமல் வீசுகிற வாள் அவள்மேல் பட்டும் படாமல் போகிறது. அவளுடைய சில அடிகளில் நாம் விழுந்துவிடுகிறோம். ஆகவே அகராதியைத் திறந்து படிக்கிறோம். அதாவது படிக்கும்படி செய்யப்படுகிறோம்.

படித்துவிட்டு வட்டம் இட்டதும் நடப்பதைக் கவனிக்க வேண்டும். புகையாக இருந்தவள் அந்த எல்லைக்குள் வந்ததும் மீண்டும் ஒரு உடலாகிறாள். கல்யாணத்துக்கு முன் உடல் பறிக்கப்பட்டவளுக்கு ஒரு உடலைத் திருப்பிக் கொடுத்து, கொடுத்த கையோடு அதை வெட்டுவதுதான் இந்த வேட்டைக்காரனின் தொழில். இந்தக் குரூரம் அகராதிப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை. உரையாடலிலும் இல்லை. வட்டம் இடாமல் பிழைக்க முடியாது என்ற நிர்ப்பந்தத்தில்தான் அது இருக்கிறது. எண்ணைக் குறைத்து வைத்தவன் அதே வசனங்களைக் கேட்டான், அதே கிணற்றுக்குள் இறங்கினான், அதே கூலியை வாங்கினான். ஆனால் இது அவனுக்குக் கிடைக்கவில்லை. கதையை மட்டும் கேட்டவனுக்குக் கிடைக்காமல் போனது கதைதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனத்தின் ‘ஸ்கைரிம்’ 2011இல் வந்தது. அதில் ‘லெஜண்டரி’ என்ற உச்சக் கடினநிலை 2013இல் சேர்க்கப்பட்டது. அதன் ரகசியம் இரண்டு பெருக்கல்கள். நாம் தரும் அடி கால் பங்காகிறது, நாம் வாங்கும் அடி மூன்று மடங்காகிறது. வேறொன்றும் மாறுவதில்லை. குகையில் இருக்கும் கொள்ளைக்காரன் அதே அசட்டுத்தனத்துடன் அதே வழியில் ஓடிவருகிறான், அம்பு பட்டும் அது காற்றோ என்னவோ என்று தேற்றிக்கொண்டு திரும்புகிறான். நான்கு அடியில் விழுந்தவன் இப்போது பதினாறு அடியில் விழுகிறான். பதின்மூன்றாவது அடியில் அவனைப் பற்றியோ என்னைப் பற்றியோ எனக்குப் புதிதாக எதுவும் தெரிந்துவிடவில்லை. இதே நிறுவனத்தின் 2006ஆம் வருஷத்து ‘ஒப்லிவியன்’ இன்னும் ஒரு படி போயிற்று. நாம் பலம் பெறப் பெற அங்கே எதிரிகளும் பலம் பெறுகிறார்கள். முடிவில், வழிமறித்து நூறு பொற்காசு கேட்கிற திருடன் அதைவிடப் பல மடங்கு விலைபோகும் கவசத்தை அணிந்து நிற்கிறான். எண்களைக் காப்பாற்றுவதற்காக அந்த உலகத்தின் நியாயத்தைக் கைவிட்டாயிற்று. கடினம் கூடியிருக்கிறது, வாஸ்தவம். அந்த உலகம் மெலிந்திருக்கிறது, அதுவும் வாஸ்தவம்.

ஜார்ஜ் ஸ்டைனர் 1978இல் வெளியான தம் கட்டுரை நூலொன்றில், ஒரு கவிதை கடினமாக இருப்பது நான்கு வகைகளில் என்று பிரித்துக் காட்டினார். தெரியாத சொல், தெரியாத செய்தி, இவற்றைத் தேடிப் பார்த்தால் தீர்ந்துவிடும் என்பது ஒரு வகை. எல்லாம் தெரிந்தும் அந்தப் படைப்பின் மனோபாவத்தோடு ஒன்ற முடியவில்லை என்பது இரண்டாவது. வாசகனின் பழகிய ஓட்டத்தைத் தடுப்பதற்காக எழுதுகிறவனே வேண்டுமென்று வைக்கும் தடை மூன்றாவது. மொழி எதையும் சொல்லிவிட முடியுமா என்ற அடிப்படையிலேயே கைவைப்பது நான்காவது. இந்தச் சட்டகத்தை விளையாட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் கிணற்றுப் பேய் முதல் வகையில் தொடங்கி மூன்றாவதற்கு நகர்கிறது. ‘ஸ்கைரிம்’இன் பெருக்கல் நான்கில் எதிலும் அடங்காது. அது கடினமே அல்ல, தாமதம். ஒரு கவிதையைச் சிறிய எழுத்தில் மங்கலாக அச்சிட்டால் படிப்பது சிரமம்தான், அதற்காக அதை யாரும் கடினமான கவிதை என்று சொல்வதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். சாவுப் பயணத்திலும் இந்தப் பெருக்கல் இருக்கிறது, பூதங்களின் உயிர்ப்புள்ளிகள் அங்கேயும் கூடுகின்றன. ஒரே எண்ணுக்குள் இரண்டு காரியங்கள் நடக்கின்றன. எது எது என்று பிரித்துச் சொல்வதுதான் விமர்சகனின் வேலை.

மூன்றாவது வகைக்கு முழு உதாரணம் ஜப்பானின் ஃப்ரம்ஸாஃப்ட்வேர் நிறுவனத்தில் ஹிடெடாகா மியாஸாகி இயக்கிய ‘டார்க் ஸோல்ஸ்’ (2011). அதில் கடினநிலையைத் தேர்ந்துகொள்ளும் பட்டியலே கிடையாது. கையில் முறிந்த வாளின் பிடியோடு ஆரம்பத்திலேயே ஒரு பிரம்மாண்டமான பூதத்தின் முன் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். வீரன் என்ற பாவனையில் நின்று சண்டை போடுபவன் நசுங்கிப்போகிறான். சுவரில் திறந்திருக்கும் சிறு வாசலைப் பார்த்து ஓடுகிறவன் பிழைக்கிறான். மாயாஜாலக் கதைகளில் நாம் பழகிவந்த நாயக பாவம் முதல் பத்து நிமிஷங்களிலேயே மறுக்கப்படுகிறது. செத்தால், சேர்த்து வைத்ததெல்லாம் செத்த இடத்தில் விழுந்து கிடக்கும். ஒரு முறை போய் மீட்கலாம், போகிற வழியில் மறுபடி செத்தால் அது இல்லை. யார் இந்த உலகத்தைக் கட்டினார்கள், ஏன் பாழானது என்பதற்கு நேரான விளக்கம் தரப்படுவதில்லை. ஒரு மோதிரத்தின் குறிப்பில் இரண்டு வரி, ஒரு பிணம் கிடக்கும் இடம், ஒரு கதவு எந்தப் பக்கத்திலிருந்து தாழிடப்பட்டிருக்கிறது என்பது, இவற்றிலிருந்து நாம்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

மியாஸாகி தம் இளமையைப் பற்றி நேர்காணலில் சொல்லியிருக்கிறார். வசதியில்லாத வீடு. புத்தகம் வாங்கப் பணமில்லை. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களில் வயதுக்கு மீறியவை புரியாமல் போகும். புரியாத இடங்களைத் தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டே படித்ததாகவும், அந்த அநுபவத்தையே விளையாட்டில் தர முயல்வதாகவும் சொல்கிறார். ஆங்கில இலக்கியத்தை, அரைகுறை ஆங்கிலத்தோடு, கல்லூரியில் பாடமாகப் படித்த எவனுக்கும் இது என்ன என்று தெரியும். பாதி புரிந்த வரிதான் வருஷக்கணக்கில் கூட வருகிறது. முழுக்கப் புரிந்தது பரீட்சை முடிந்த அன்றே போய்விடுகிறது. ‘டார்க் ஸோல்ஸ்’இன் கடினம் கைவிரல்களுக்கு வைத்த சோதனை என்று மட்டும் பார்ப்பவர்கள், அது புரியாமையை மதிக்கக் கற்றுத்தரும் கடினம் என்பதைத் தவறவிடுகிறார்கள். அங்கே மெதுவாகத்தான் நடக்க முடியும், மெதுவாக நடப்பவன்தான் சுவரைப் பார்ப்பான்.

இனி, திரும்பப் பெற முடியாமை. இது இந்த விளையாட்டுகளின் பிறப்பிலேயே இருந்தது. 1980இல் கலிஃபோர்னியாவில் மாணவர்கள் எழுதிய ‘ரோக்’கில் செத்தால் செத்ததுதான், மறுபடி முதலிலிருந்து. 1981இல் வந்த ‘விஸர்ட்ரி’யில் இறந்த தோழனைக் கோவிலுக்குத் தூக்கிப்போய்ப் பொன் கொடுத்தால் உயிர்ப்பிக்க முயல்வார்கள். தவறினால் சாம்பலாகிவிடுவான். சாம்பலிலிருந்து எழுப்பும் முயற்சியும் தவறினால் நிரந்தரமாக இல்லாமல் போவான். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைபடம் வரைந்துகொண்டு ஆறு பேரைக் கூட்டிப்போனவர்களுக்கு அந்தப் பெயர்கள் வெறும் பெயர்களாக இருந்திருக்க முடியாது. பின்னால் ‘ஸேவ்’ என்ற வசதி தாராளமாயிற்று. எந்தத் தவறையும் ஒரு பொத்தானால் நடக்காததாக்கிவிடலாம்.

பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஆகஸ்டில் ‘பால்டர்ஸ் கேட் 3’ஐ வெளியிட்டு, அதே வருஷம் நவம்பர் கடைசியில் ‘ஹானர் மோட்’ என்ற கடினநிலையைச் சேர்த்தது. ஒரே ஒரு ஸேவ்தான், விளையாட்டே அதை எழுதிக்கொண்டு போகும். கூட்டம் முழுவதும் மாண்டால் அந்த மரியாதைக்குரிய ஆட்டம் முடிந்தது. தலைவர்களாக வரும் எதிரிகள் சாதாரண நிலையில் இல்லாத புதிய செயல்களைச் செய்கிறார்கள். பெருக்கலுக்குப் பதிலாகச் செயல், இது நல்ல கடினத்தின் அடையாளம். ஆனால் எனக்கு முக்கியமாகப்படுவது சண்டை அல்ல. ஆரம்பத்தில் ட்ரூயிட்கள் என்ற காட்டுப் பூசாரிகளின் புகலிடத்தில் ஒரு சிறுமியைத் திருட்டுக்காகப் பிடித்துவைத்திருக்கிறார்கள். காகா என்ற பெண் தலைவி, பக்கத்தில் அவளுடைய விஷப்பாம்பு. நாம் பேசி விடுவிக்க வேண்டும். இருபது முகப் பகடை உருளும். தவறினால் சிறுமி பயந்து ஓடப் பார்க்கிறாள், பாம்பு கடித்துச் செத்துப்போகிறாள். மறுபடி உருட்டச் சில வாய்ப்புகளைச் சம்பாதித்திருக்கலாம், அவையும் தீர்ந்துபோகும்.

சாதாரண நிலையில் இங்கே எல்லோரும் செய்வது ஒன்றுதான். முந்தின ஸேவுக்குத் திரும்பி, அவள் பிழைக்கும்வரை பகடையை உருட்டுவது. அவள் பிழைப்பாள், ஆனால் அவள் செத்தது யாருக்கும் நடக்காத ஒன்றாகிவிடும். ஹானர் மோடில் அவள் தரையில் கிடக்கிறாள். வெளியே அவளுடைய தாயும் தகப்பனும் நிற்கிறார்கள். அவர்கள் அங்கே நிற்கிறார்கள் என்பது எந்தக் கடினநிலையிலும் எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் முன்னால் வெறுங்கையோடு போக வேண்டியிருப்பது இங்கே மட்டும்தான். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த உணர்வு அந்நியமானதல்ல. எண்ணிக் கொடுத்த பணத்தோடு ஆள் வாசலைத் தாண்டிவிட்டால், சாயங்காலம் கணக்கு நேராகாதபோது அந்த நிமிஷத்தை மீட்டுக்கொண்டுவர எந்தப் பொத்தானும் இல்லை. வாழ்க்கையில் இது சாதாரணம். கலையில் இது அரிது, ஏனெனில் நாவலில் நடக்கும் சாவுக்கு நான் பொறுப்பாளியல்ல. இங்கே நான் பேசத் தேர்ந்த வாக்கியம் அந்தச் சாவுக்குள் இருக்கிறது. தோல்வியையும் பிரதியின் பகுதியாக்குவது, அதுவே இந்தக் கடினம் செய்யும் காரியம்.

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு உச்சக் கடினத்தில் ஆடுபவனே உயர்ந்த ரசிகன் என்று யாராவது கிளம்பினால் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடினத்துக்குத் தனக்கே உரிய குருட்டுத்தனம் உண்டு. அது படிக்க வைக்கிறது, ஆனால் பயனுள்ளதை மட்டும் படிக்க வைக்கிறது. சாவுப் பயணத்தில் பூத அகராதியை வரி விடாமல் படிப்பவன், செத்துப்போன குடியானவன் மனைவிக்கு எழுதி அனுப்பாத கடிதத்தைத் தாண்டிப் போகிறான், அதில் எந்த எண்ணெய்க்கும் செய்முறை இல்லை. ‘பால்டர்ஸ் கேட் 3’இல் ‘டாக்டிஷியன்’ என்ற கடினநிலையில் ஒரு நீண்ட ஓய்வுக்கு நாற்பதுக்குப் பதில் எண்பது அளவு உணவு வேண்டும். முகாமில் இரவு தங்கும்போதுதான் தோழர்கள் மனம் திறந்து பேசுகிறார்கள். உணவை மிச்சம் பிடிப்பவன் ஓய்வைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போய் அந்தப் பேச்சுகள் சிலவற்றை இழக்கிறான். தோற்பதற்கு அஞ்சுபவன் தனக்குப் பிடித்த பாத்திரத்தை விட்டு, கணக்குக்குச் சாதகமான பாத்திரத்தைத் தேர்கிறான். எல்லோரும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே ஆளாகிறார்கள். பாத்திரமேற்பது என்ற ஆதாரமே அங்கே அடிபட்டுப்போகிறது. நம் சிறுபத்திரிகைகளிலும் இதைப் பார்த்திருக்கிறோம். கடினமான கவிதையை அவிழ்க்கும் சாமர்த்தியம் வளர்ந்து, எளிமையான கவிதை முன்னால் வாயடைத்து நிற்பவர்கள் உண்டு.

இன்னொரு விஷயம் இதைவிட முக்கியமானது. 2019இல் ஃப்ரம்ஸாஃப்ட்வேரின் ‘செகிரோ’ வந்தபோது, எளிய நிலை ஒன்று வேண்டுமா என்று பெரிய சர்ச்சை நடந்தது. வேண்டாம் என்றவர்களில் பலர் படைப்பாளியின் நோக்கம் என்ற சொல்லைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு தங்கள் விரல்வேகத்தைப் பற்றிப் பெருமை பேசினார்கள். கை நடுங்குபவனுக்கு, ஒரு கை மட்டும் உள்ளவனுக்கு, கண் மங்கியவனுக்கு, பட்டியலின் கடைசியில் இருக்கும் எண் எதைக் குறிக்கிறது? கடினம் என்பது படைப்புக்குள் உறைந்து கிடக்கும் அளவல்ல. படைப்புக்கும் ஒரு குறிப்பிட்ட உடலுக்கும், அந்த உடலுக்கு மிச்சமிருக்கும் பொழுதுக்கும் நடுவே நேர்வது. வேலை முடிந்து வந்து ராத்திரி ஒன்றரை மணிநேரம் கிடைப்பவனுடைய சாவுப் பயணமும், பகல் முழுவதும் தன்னுடையதாக உள்ளவனுடைய சாவுப் பயணமும் ஒன்றல்ல. நடுங்கும் கையோடு, பட்டியலின் முதல் எண்ணில், அகராதியைப் படித்து வட்டம் இட்டு அந்தப் பெண்ணை எதிர்கொள்பவன் கடினத்தைத்தான் சந்திக்கிறான். அவனுக்கும் ‘கதை மட்டும்’ என்று பெயர் சூட்டுவது அவமரியாதை. பட்டியலின் பெயர் இருபக்கமும் பொய்யாகிறது.

ஆகவே ஒரு விளையாட்டு எவ்வளவு கடினம் என்று கேட்பது வீண். இந்தக் கடினம் என்னை எதைப் பார்க்க வைக்கிறது, எதைப் பார்க்காமல் தாண்ட வைக்கிறது என்று கேட்க வேண்டும். எண்ணைக் கூட்டும்போது உலகம் மாறுகிறதா, கடிகாரம் மட்டும் மாறுகிறதா என்று கேட்க வேண்டும். சுலபமாக ஆட எவருக்கும் உரிமை உண்டு, யாரும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. அந்த முதல் வரியில் ‘எதிர்ப்புக் குறைவு’ என்று எழுதியிருந்தால் எனக்குச் சண்டையே இல்லை. எதிர்ப்பைக் குறைத்துக் கொடுத்துவிட்டு, கதை முழுவதும் கைக்கு வந்தாயிற்று என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை.